ரிக் வண்டியில் டீசல் மீட்டர்

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டீசல் குடிக்கும் இன்ஜின் இரண்டு. லாரியை ஓட்டும் இன்ஜினுக்கு ஊர் விட்டு ஊர் போகும்போது மட்டுமே வேலை. பின்னால் மேடைமீது உட்கார்ந்திருக்கும் டெக் இன்ஜின்தான் கம்ப்ரஸரைச் சுழற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளில் ஹைட்ராலிக் பம்புகளுக்கும் அதுவே. செலவு முழுக்க இங்கேதான். 300 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 1100 சிஎஃப்எம் காற்றைத் தள்ளும் கம்ப்ரஸருக்கு 400 குதிரைத்திறனாவது வேண்டும். ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் தர, நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜின் ஏறத்தாழ 210 கிராம் டீசலை எரிக்கும். அந்தக் கணக்கில் முழுச் சுமையில் ஓடும் டெக் இன்ஜினுக்கு மணிக்கு 75 லிட்டர் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பாறையை அடித்துத் துளைக்கும் ஹேமர் 75 அடி இறங்கினால் அடிக்கு ஒரு லிட்டர். பாறை கெட்டிப்பட்டு 50 அடியோடு நின்றால் அடிக்கு ஒன்றரை லிட்டர். அடிக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசிப் போர் போடும் தொழிலில் லாபமும் நட்டமும் அந்த அரை லிட்டரில்தான் இருக்கின்றன.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கணக்கு தலைவலியாக ஆனதற்குக் காரணம், வண்டிகள் ஊரில் இல்லாததுதான். டிஎன் 34 எண் பலகை மாட்டிய ரிக்குகள் மாதக்கணக்கில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் மராட்டியத்திலும் நிற்கின்றன. முதலாளி திருச்செங்கோட்டில் இருப்பார். டீசல் வழியில் அகப்படும் பங்குகளில் நிரப்பப்படும். பங்க் தொலைவென்றால் பேரலில் வாங்கி வைத்துக் கைப்பம்பால் ஏற்றப்படும். 2014 அக்டோபரில் டீசல் விலை நிர்ணயம் அரசின் கையை விட்டுப் போனது. 2017 ஜூன் 16 முதல் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது. அதுவரை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த டீசல் கணக்கை அன்றன்றைக்கே பார்க்கவேண்டிய நிலை வந்தது. கணக்கு இடித்தால் முதல் சந்தேகம் ஆபரேட்டர்மீதுதான் விழும். ஆகவே ரிக்கில் மாட்டும் மீட்டர் முதலாளியின் பணத்தை மட்டுமல்ல, தொழிலாளியின் நாணயத்தையும் அளக்கும் கருவியாகிவிடுகிறது. அதைச் சரியாகப் பொருத்தவேண்டிய கடமை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மீட்டர் இல்லாத காலத்து வழி, டேங்கில் அளவுக் குச்சி விடுவதும் ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் பார்ப்பதும். இரண்டும் தப்பான வழிகள் அல்ல. துளையிடும்போது ரிக் ஜாக்கிகள்மீது மட்டமாக நிற்பதால் குச்சி அளவு ஓரளவு நம்பத்தக்கது. சாலையோரச் சரிவில் நிற்கும்போது அதே குச்சி பல லிட்டர் பொய் சொல்லும். நிரப்பும்போது எழும் நுரை அடங்கக் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் யாரும் காத்திருப்பதில்லை. போதாததற்கு டீசல் சூட்டில் விரியும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 1000 லிட்டர் டீசல் சுமார் 830 மில்லி கூடுகிறது. 400 லிட்டர் டேங்க் காலையிலிருந்து மாலைக்குள் 10 டிகிரி சூடேறினால் 3 லிட்டருக்குமேல் தானாகக் கூடிவிடும். ஃப்ளோட் மீட்டர், டேங்குக்குள் இறக்கும் மின் கம்பி மீட்டர் ஆகியவற்றுக்கும் இதே குறைகள் உண்டு. டேங்கில் இருப்பு எவ்வளவு என்று சொல்ல அவை போதும். எரிந்தது எவ்வளவு என்று சொல்லப் போதாது.

எரிந்ததை அளக்கக் குழாயில் மீட்டர் வைக்க வேண்டும். அங்கேதான் டீசல் இன்ஜினின் சுபாவம் குறுக்கே வருகிறது. டேங்கிலிருந்து போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை. பம்பையும் இன்ஜெக்டர்களையும் குளிர்விக்கவும் அழுத்தத்தை நிலைநிறுத்தவும் தேவைக்கு மிஞ்சியே டீசல் அனுப்பப்படுகிறது. மிஞ்சியது ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. பழைய அசோக் லேலண்ட் இன்ஜின்களில் இருக்கும் மைக்கோ இன்லைன் பம்பில் இந்த ரிட்டர்ன் கொஞ்சம்தான். பழைய கம்மின்ஸ் இன்ஜின்களின் பிடி பம்பில் மிக அதிகம். போவதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். எனவே போகிற வழியில் ஒன்று, வருகிற வழியில் ஒன்று என இரண்டு மீட்டர் மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். கடலில் ஓடும் மோட்டார் படகுகளில் டீசல் அளப்பதும் இதே முறையில்தான். அலையில் டேங்க் ஆடிக்கொண்டே இருப்பதால் அங்கே இருப்பு மீட்டரை நம்பவே முடியாது. ஆகவே குழாயில் அளக்கிறார்கள். எந்த வேகத்தில் போனால் ஒரு கடல் மைலுக்கு ஆகும் டீசல் குறைவு என்பது படகுக்காரருக்குத் தெரிய வேண்டும். ரிக்குக்காரருக்கு அடிக்கு எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

கழித்து வரும் கணக்கில் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். மணிக்கு 200 லிட்டர் போய் 125 லிட்டர் திரும்புவதாக வைத்துக்கொண்டால் எரிந்தது 75. போகும் மீட்டர் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகவும், திரும்பும் மீட்டர் நூற்றுக்கு ஒன்று குறைவாகவும் காட்டினால் பிழை மூன்றேகால் லிட்டர். 75இல் அது நாலு சதவீதத்துக்கு மேல். ஒரு சதவீதத் துல்லியம் என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் மீட்டரை வாங்கி மாட்டிவிட்டால் ஒரு சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் சூடு. டேங்கிலிருந்து 35 டிகிரியில் போகும் டீசல் இன்ஜினைச் சுற்றி 60 டிகிரியில் திரும்பலாம். 25 டிகிரி வேறுபாட்டில் 125 லிட்டர், 127.6 லிட்டராக விரிகிறது. திரும்பும் மீட்டர் அந்த விரிந்த அளவையே எண்ணுகிறது. 200இல் 127.6 கழித்தால் மீதி 72.4, உண்மையில் எரிந்ததோ 75. மணிக்கு 2.6 லிட்டர் மீட்டரில் ஏறாமல் எரிந்துபோகிறது. பத்து மணி நேர ஓட்டத்தில் 26 லிட்டர். பங்க் பில்லுக்கும் மீட்டருக்கும் நடுவே நாள்தோறும் ஒரு கேன் டீசல் காணாமல் போனதாகக் கணக்கு காட்டும். திரும்பும் டீசலில் காற்றுக் குமிழ் கலந்து வருவதும் உண்டு; குமிழையும் டீசல் என்றே மீட்டர் எண்ணும். அதன் விளைவும் அதே பக்கம்தான், எரிந்தது குறைவாகத் தெரியும். சூடு, காற்று என்ற இரண்டு பிழைகளும் சேர்ந்து ஆபரேட்டரைத் திருடனாகக் காட்டும் திசையிலேயே விழுகின்றன. இதை அறியாமல் ஒரு மனிதரின் மாதச் சம்பளத்தில் கைவைப்பது அநியாயம்.

ஆகையால் மீட்டர் வாங்கும்போதே இரண்டு பக்கமும் வெப்பநிலையை உணர்ந்து, அளவை ஒரே வெப்பநிலைக்கு மாற்றிக் கழிக்கும் வகையைத் தேட வேண்டும். ரிக்குக்குப் பொருந்துவது ஓவல் கியர் மீட்டர். முட்டை வடிவப் பல்சக்கரங்கள் இரண்டு ஒன்றையொன்று கவ்விச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட அளவு டீசல் கடந்துபோகும். காந்தமும் சென்சாரும் சுற்றை எண்ணித் துடிப்பாக அனுப்பும். டர்பைன் மீட்டர் விலை மலிவு, வழியையும் அதிகம் அடைக்காது. ஆனால் டீசலின் கொழகொழப்பு சூட்டுக்கு ஏற்ப மாறும்போது அதன் கணக்கும் ஆட்டம் காணும். எடையையே நேராக அளக்கும் கோரியாலிஸ் மீட்டருக்குச் சூட்டுக் கவலை இல்லை. விலைதான் ரிக்குக்குக் கட்டாது.

புதிய காமன் ரெயில் இன்ஜின்களில் கம்ப்யூட்டரே மணிக்கு இத்தனை லிட்டர் என்று காட்டுகிறதே, மீட்டர் எதற்கு என்ற கேள்வி எழும். அந்த எண் அளந்தது அல்ல, கணக்கிட்டது. இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் எந்த அழுத்தத்தில் திறந்தோம் என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. இன்ஜெக்டர் தேய்ந்திருப்பது அதற்குத் தெரியாது. மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல துணை. மீட்டருக்கு மாற்று ஆகாது.

பொருத்தும் வேலை டேங்கிலிருந்து தொடங்குகிறது. டேங்க், தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், அதன்பின் மீட்டர், அதன்பின் ஃபீட் பம்ப் என்பதே வரிசை. ஃபில்டருக்கு முன்னால் மீட்டரை வைத்தால் பேரல் டீசலின் மண்ணும் துருவும் நேராகப் பல்சக்கரத்துக்குப் போகும். போர் போடும் இடத்தில் பறக்கும் பாறைத் தூள் டேங்க் மூடி திறந்த நேரமெல்லாம் உள்ளே விழுவதால், மீட்டரின் வாயில் தனியாக ஒரு சல்லடையும் வேண்டும். இப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் பம்ப் உறிஞ்சும் வழியை இறுக்குகிறது. எவ்வளவு இறுக்கம்வரை தாங்கும் என்பது இன்ஜின் கையேட்டில் இருக்கும். வேக்குவம் கேஜை மாட்டி, முழுச் சுமையில் அந்த எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாகச் சொல்லலாம். குழாய் விட்டத்தைக் குறைப்பது எந்த நிலையிலும் கூடாது.

உறிஞ்சும் வழியில் கசிவு ஏற்பட்டால் டீசல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே போகும். இன்ஜின் ஏறி இறங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். "வண்டி ஏர் எடுக்குதுங்க" என்று ஆபரேட்டர் சொன்னால், புதிதாக மீட்டர் மாட்டிய வண்டியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காரணம் மீட்டரின் இணைப்புகளாகவே இருக்கும். பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் வரும் செம்பு வாஷரைக் கழற்றினால் மறுபடி அதையே போடக் கூடாது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் சரியாக உட்காராது. புதியது போட வேண்டும். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து வந்தது. டீசல் வழியில் அது ஆபத்து. டேப்பின் இழை ஒன்று பிய்ந்து போனால் மீட்டரின் பல்லில் சிக்கும், அதைத் தாண்டினால் பம்பில் போய் நிற்கும். டீசல் தாங்கும் திரவச் சீலன்ட் போதும். வேலை முடிந்ததும் மீட்டருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பார்ப்பது பட்டறைகளில் இருக்கும் நல்ல வழக்கம். குமிழ் வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். பார்த்து முடித்ததும் அதை எடுத்துவிட வேண்டும்; அந்த ஹோஸ் சூட்டையும் அதிர்வையும் வெகுநாள் தாங்காது.

மீட்டரை இன்ஜின்மீது உட்கார வைக்கக் கூடாது. சேஸில் பிராக்கெட் அடித்து, ரப்பர் புஷ் வைத்து, டேங்க் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி மாட்டினால் மீட்டருக்குள் எப்போதும் டீசல் நிறைந்திருக்கும். ஓவல் கியரின் அச்சுகள் படுக்கையாக இருக்கவேண்டும். நிற்கவைத்தால் சக்கரத்தின் எடை ஒரு பக்கத்தில் உரசி, நாளடைவில் தேய்ந்து குறைத்துக் காட்டும். ஹேமர் பாறையை அடிக்கும் அதிர்வு மாஸ்ட் வழியாக வண்டி முழுவதும் பரவுவதால், நட்டுகளுக்கு லாக் வாஷர் இல்லாமல் எதையும் விடக் கூடாது.

திரும்பும் வழியில் மீட்டருக்கு முன்னால் ஒரு சின்னக் கலம் வேண்டும். டீசல் அதில் விழுந்து நிதானப்படும்போது குமிழ்கள் மேலே ஏறித் தனிக் குழாய் வழியாக டேங்கின் மேற்பகுதிக்குப் போய்விடும். கீழிருந்து வரும் தெளிந்த டீசல் மட்டும் மீட்டருக்குப் போகும். இந்தக் கலத்தை வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். பிடி பம்ப் இன்ஜினில் இது இல்லாமல் மாட்டிய மீட்டரின் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பம்பின் உந்துதலில் டீசல் முன்னும் பின்னும் அலைபாயும் இன்ஜின்களில் ஒரு வழி வால்வும் தேவைப்படும்; இல்லையேல் பின்னுக்கு வந்ததையும் சேர்த்து எண்ணிவிடும். மீட்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடாமலிருக்கப் பைபாஸ் வால்வு வைப்பது நியாயம்தான், ஆனால் அதற்கு எண்ணிட்ட சீல் போட்டு, சீல் எண்ணை ஆபரேட்டர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

வயர் வேலை சுருக்கம். ரிக்கில் 24 வோல்ட். ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து நேராக எடுக்க வேண்டும். சிக்னல் வயர் கவசம் உள்ளதாக இருக்கட்டும், கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினால், ஓடாத டீசலுக்கும் துடிப்பு எண்ணும்.

இனி அளவு சரிபார்த்தல். முதலில் இரண்டு மீட்டரையும் வண்டியில் ஏற்றுவதற்கு முன், ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து ஒரே டீசலை இரண்டிலும் ஓட விட வேண்டும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். மணிக்கு 200 லிட்டர் வேகத்திலும் 125 லிட்டர் வேகத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓட்டம் குறையும்போது பல்சக்கர இடுக்கில் டீசல் நழுவி, எண்ணாமலே போவது இந்த மீட்டர்களின் குணம். வேறுபாடு இருந்தால் ஒரு லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்ற எண்ணைத் திருத்தி இரண்டையும் ஒன்றாக்கலாம். 100 லிட்டர் ஓடியதற்கு 103 காட்டினால் துடிப்பு எண்ணை நூற்றுக்கு மூன்று கூட்ட வேண்டும். கழித்தலில் வரும் பிழையில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும்.

வண்டியில் மாட்டியபின் செய்யும் சோதனைக்கு லிட்டரைவிட எடை நம்பகமானது. 60 லிட்டர் கேன் ஒன்றை 100 கிலோ மின் தராசில் ஏற்றி, அதில் டீசல் நிரப்பி, இன்ஜின் உறிஞ்சும் ஹோஸையும் ரிட்டர்ன் ஹோஸையும் மேலிருந்து கேனுக்குள் தொங்கவிட வேண்டும். இரண்டு ஹோஸும் கேனின் விளிம்பிலோ அடியிலோ படக்கூடாது. பட்டால் ஹோஸின் கனமும் விறைப்பும் தராசில் ஏறும். தனி ஸ்டாண்டில் கட்டித் தொங்கவிடுவதே வழி. ரிட்டர்ன் முனை டீசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும், உறிஞ்சும் முனையிலிருந்து எட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையையே மறுபடி உறிஞ்சும். துளை போடாமலே இன்ஜினுக்குச் சுமை ஏற்றலாம். கம்ப்ரஸரின் காற்று வால்வைப் பாதி திறந்து வைத்து, அழுத்தம் 250 பிஎஸ்ஐயில் நிற்கும்படி பிடித்தால் போதும். இருபது நிமிடம் ஓட்டி, தொடக்க எடையிலிருந்து முடிவு எடையைக் கழித்தால் எரிந்த டீசல் கிலோவில் கிடைக்கும். கேனில் டீசல் சூடேறினாலும் விரிந்தாலும் எடை மாறுவதில்லை.

கிலோவை லிட்டராக்க அடர்த்தி வேண்டும். பங்கில் எழுதியிருக்கும் அடர்த்தி 15 டிகிரிக்கு உரியது. அது 0.830 என்றால் 35 டிகிரியில் உள்ள டீசலுக்கு 0.816 அளவுதான். பங்க் எண்ணை அப்படியே போட்டு வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சதவீதம் தவறும். ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் கையில் இருந்தால் இந்தத் தவறுக்கு இடமில்லை. இருபது நிமிடத்தில் 20.4 கிலோ குறைந்தால், 0.816ஆல் வகுக்க 25 லிட்டர். மீட்டரும் 25 காட்டினால் நல்லது. 24 காட்டினால் உடனே துடிப்பு எண்ணில் கைவைக்காமல், காற்றும் சூடும் சரிக்கட்டப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எண்ணைத் திருத்தினால் அந்தச் சுமைக்கு, அந்த வெயிலுக்கு மட்டுமே மீட்டர் சரியாக இருக்கும். ஐடிலில் ஒருமுறை, பாதிச் சுமையில் ஒருமுறை, முழுச் சுமையில் ஒருமுறை என்று பார்த்தால் பிழை எங்கே பிறக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் நெருப்பு பயம் உண்மையானது. இந்தியத் தரத்தில் டீசலின் தீப்பற்று வெப்பநிலை ஏபெல் முறையில் 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்றுதான் இருக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலே அதைத் தாண்டும். கேனில் விழும் ரிட்டர்ன் டீசல் அதைவிடச் சூடு. ஆகவே கேன் புகைக்குழாய்ப் பக்கம் இருக்கக் கூடாது, வாயை ஹோஸ்களைத் தொடாத மூடியால் மறைக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பீடி பற்றவைத்த ஒருவரும் அருகில் வரக் கூடாது.

பங்க் அளவோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்டவேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிவரை ஏற்ற இறக்கத்தைச் சட்டம் பொறுக்கிறது, அதாவது அரை சதவீதம். 300 லிட்டர் நிரப்பினால் ஒன்றரை லிட்டர் வேறுபாடு யார் குற்றமும் அல்ல. மீட்டரின் சொந்தப் பிழையையும் சேர்த்து, இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும் கணக்கை ஒத்துக்கொள்வதே நேர்மை.

மீட்டர் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கினால் அது சொல்லும் செய்திகள் டீசல் திருட்டைத் தாண்டிப் போகின்றன. மணிக்கு ஆகும் டீசல் மாறாமல் அடிக்கு ஆவது மட்டும் ஏறிக்கொண்டே போனால் பாறை கடினப்பட்டிருக்க வேண்டும், அல்லது பிட்டின் கார்பைடு பட்டன்கள் மழுங்கியிருக்க வேண்டும். பக்கத்துப் போரின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் எது என்று தெரியும். ராடு மாட்டும்போது கம்ப்ரஸர் காற்றை நிறுத்திச் சுமையிறங்கி ஓட வேண்டும். அந்த நேரத்திலும் டீசல் குறையாவிட்டால் இன்டேக் வால்வு மூடவில்லை. அதே வேகம், அதே அழுத்தத்தில் ஓட்டம் மெல்லக் குறைந்து வண்டியும் இழுக்காமல் போனால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இரவு நிறுத்திக் காலையில் தொடங்கும்போது குழிக்குள் நிற்கும் தண்ணீரைத் தள்ள வேண்டும். நூறு அடி தண்ணீருக்கு 43 பிஎஸ்ஐ என்பதால், முதல் கால்மணி நேரத்து டீசல் ஒரு அடிகூட இறங்காமலே செலவாவது இயல்பு. இதைக் கணக்கில் தனியாக எழுதும் முதலாளியும் ஆபரேட்டரும் சண்டை போட்டுக்கொள்வது குறைவு.

மாட்டியதோடு விட்டுவிடும் கருவி அல்ல இது. சல்லடையை ஒவ்வொரு ஃபில்டர் மாற்றத்தின்போதும் கழுவ வேண்டும். பம்ப், இன்ஜெக்டர் வேலை எது நடந்தாலும் ரிட்டர்ன் அளவு மாறிவிடும், ஆகவே எடைச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வண்டி வடக்கே புறப்படுமுன் ஒன்று, ஊர் திரும்பியதும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நடுவில் மீட்டர் நகர்ந்ததா என்பது தெரியும். தேதி, டீசலின் சூடு, அடர்த்தி, எடை, மீட்டர் காட்டிய லிட்டர், இரண்டு மீட்டர்களின் துடிப்பு எண்கள், சீல் எண் எல்லாவற்றையும் எழுதி, ஒரு பிரதி அலுவலகத்திலும் ஒரு பிரதி வண்டியின் டூல் பாக்ஸிலும் இருக்க வேண்டும். வண்டியில் இருக்கும் பிரதியில் ஆபரேட்டரின் கையெழுத்தும் அவசியம்.